கேட்டதா, கேட்கவில்லையா? மேசை விளையாட்டு விதிகளில் காதும் இரைச்சலும்

"மழை பெய்கிறது, அதனால் காது கொடுத்துக் கேட்பதில் எல்லோருக்கும் மைனஸ் இரண்டு." ரோல்பிளே விளையாட்டு ஆடும் மேசைகளில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படுவது இது. என்ன மழை, யார் எதைக் கேட்கப் பார்க்கிறார், எவ்வளவு தூரத்திலிருந்து என்றெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் மைனஸ் இரண்டு, தேயிலைச் சரிவில் குடை பிடித்து நிற்பவருக்கும் அதே மைனஸ் இரண்டு. குன்னூர், கூடலூர்ப் பக்கம் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு இது எவ்வளவு அபத்தம் என்று தெரியும். ஷீட்டில் மழை அடித்து ஊற்றும்போது, ஒரே கட்டிலில் இருப்பவர் சொல்வதைக்கூட இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு பத்தி. ஒருவர் கேம் மாஸ்டர். அவர்தான் கதை நடக்கும் உலகத்தை விவரிப்பவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். முடிவு என்ன ஆகும் என்று தெரியாத செயல்களுக்குப் பகடை உருட்டுவார்கள், பெரும்பாலும் இருபது முகப் பகடை. விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டி, அது கேம் மாஸ்டர் குறித்த எண்ணை எட்டினால் வெற்றி. அந்தக் குறித்த எண்ணை 'இலக்கு எண்' என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

காதைப் பற்றிய விதிகளில் சிக்கல் வருவது அந்த இலக்கு எண்ணில்தான். பலரும் அதை ஒலியின் குணமாகவோ காதின் குணமாகவோ நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை.

மிக்ஸி ஓடும்போது போன் அடித்தால்

சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது. அடுத்த அறையில் போன் அடிக்கிறது. கேட்கவில்லை. மிக்ஸியை நிறுத்தியதும் கேட்கிறது. போன் சத்தம் கூடவில்லை, உங்கள் காதும் திடீரென்று கூர்மையாகிவிடவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் காதுக்கு வந்து சேரும்போது போனின் ஒலிக்கும் மற்ற சத்தத்துக்கும் இருந்த இடைவெளி.

நாம் கேட்க விரும்பாமலே காதில் விழுந்துகொண்டிருக்கும் அந்த மற்ற சத்தம் முழுவதற்கும் பின்னணி இரைச்சல் என்று பெயர். அது வேறோர் ஒலியை அமுக்கிவிடுவதை மறைப்பு என்பார்கள். மிக்ஸி ஓடும்போதே போனைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தால் கேட்டிருக்கும். ஆக, மூன்று விஷயங்கள் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன: ஒலி எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரம் கடந்து வருகிறது, வந்து சேரும் இடத்தில் பின்னணி எவ்வளவு. "வந்து சேரும் இடத்தில்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பேசுபவருக்குப் பக்கத்தில் அருவி கொட்டினால் அது கேட்பவரின் பிரச்சினை அல்ல. கேட்பவருக்குப் பக்கத்தில் கொட்டினால்தான் பிரச்சினை.

பழைய விதிகள் என்ன செய்தன

1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கதவில் காதை வைத்துக் கேட்பதற்கு ஆறு முகப் பகடை. மனிதர்களுக்கு 1 விழுந்தால் கேட்கும்; எல்ஃப், குள்ளர் போன்ற இனத்தாருக்கு 1 அல்லது 2. கதவுக்கு அந்தப்பக்கம் தூங்குகிறார்களா, சண்டை போடுகிறார்களா என்ற பேச்சே இல்லை. விளையாடுபவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு கதவு விடாமல் காதை வைத்தார்கள். அந்த விளையாட்டில் 1977இல் வந்த விலங்குத் தொகுப்பில், கதவு மரத்துக்குள் குடியிருந்து ஒட்டுக்கேட்பவரின் காதுக்குள் புகுந்துவிடும் பூச்சி ஒன்றே இருக்கிறது! விதியில் இருந்த ஓட்டையைப் பூச்சியை விட்டு அடைக்கப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2003இல் வந்த மூன்றரையாம் பதிப்பு நிறையவே யோசித்தது. மனிதர்கள் பேசுவதைக் கேட்க இலக்கு எண் 0, கிசுகிசுப்புக்கு 15, இரையின் மேல் பாயும் ஆந்தைக்கு 30. போர்ச் சத்தத்துக்கு மைனஸ் 10. கதவு நடுவில் இருந்தால் 5 கூடும், கல்சுவர் என்றால் 15. ஒவ்வொரு பத்தடித் தூரத்துக்கும் 1 கூடும். நல்ல முயற்சிதான், கவிழ்ந்தது கடைசி வரியில். கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்நூறு அடி தள்ளி ஒரு போர் நடக்கிறது. மைனஸ் 10உடன் 30 கூட்டினால் இலக்கு 20. சாதாரண ஆள் ஒருவர் பகடையில் 20 உருட்டினால்தான் அது காதில் விழும். இன்னும் பத்தடி தள்ளிப்போனால் எத்தனை தடவை உருட்டினாலும் விழாது. முந்நூறு அடி என்பது தொண்ணூறு மீட்டர். இங்கே பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நேரம் தெரிந்துவிடுகிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பட்டியலைக் கைவிட்டு, எல்லாவற்றையும் கேம் மாஸ்டரின் தலையில் கட்டிவிட்டது. அங்கிருந்துதான் "எல்லோருக்கும் மைனஸ் இரண்டு" பெருகியது.

தூரம் கூட்டலாக இறங்குவதில்லை

ஒலியின் அளவைச் சொல்லும் அலகு டெசிபல். அதில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும், ஆனால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத்தான் தோன்றும். ஒரு மீட்டர் தள்ளிக் கேட்டால் கிசுகிசுப்பு சுமார் 30 டெசிபல், சாதாரணப் பேச்சு சுமார் 60, கத்தினால் எண்பதைத் தாண்டும்.

திறந்த வெளியில் ஒலி நாலாபக்கமும் விரிந்துகொண்டே போவதால், தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குப் போனால் 6. ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குப் போனாலும் அதே 6தான். முதல் சில மீட்டரில் ஒலி மளமளவென்று இறங்கி, பிறகு நெடுந்தூரத்துக்கு இழுத்துக்கொண்டே போகும். பத்தடிக்கு ஒன்று என்று சீராகக் கூட்டும் விதி இதற்கு நேரெதிர். பக்கத்தில் ரொம்பத் தாராளம், தூரத்தில் ரொம்பக் கஞ்சத்தனம். இரட்டிப்புக் கணக்கைப் பின்பற்றும் விளையாட்டுகளும் உண்டு. கர்ப்ஸின் கேட்கும் தூர அட்டவணை அப்படிப்பட்டது.

இதுவரை சொன்னதைச் சேர்த்தால்: கேட்குமா என்பது ஒலிக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளி. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் அந்த இடைவெளி ஒரே அளவு சுருங்கும்.

மேசைக்கு ஏற்ற ஒரு விதி

6 டெசிபலை ஒரு 'படி' என்று வைத்துக்கொண்டால் கணக்கு விரல்விட்டு எண்ணக்கூடியதாகிவிடும். ஆய்வகத்துக்கு இது போதாது, மேசைக்குப் போதும்.

ஒலி: கிசுகிசுப்பு 5 படி, பேச்சு 10, கத்தல் 14, துப்பாக்கி வெடி 24.

தூரம்: 1 மீட்டருக்கு 0, 2க்கு 1, 4க்கு 2, 8க்கு 3, 16க்கு 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டருக்கு 10.

பின்னணி: காற்றில்லாத இரவில் 5, பகலில் தோட்டத்துக்குள் 7, சீரான மழையில் 9, தகரக் கூரைக்குக் கீழே கனமழை 12, அருவியின் அடிவாரம் 13.

ஒலியிலிருந்து தூரத்தையும் பின்னணியையும் கழியுங்கள். வருவதுதான் இடைவெளி. அது 3 அல்லது அதற்கு மேல் என்றால் தானாகக் கேட்கும். மைனஸ் 3 அல்லது அதற்குக் கீழே என்றால் கேட்கவே கேட்காது. இரண்டுக்கும் பகடை வேண்டாம். நடுவில் இருந்தால் மட்டும் இருபது முகப் பகடை: இடைவெளி 0 என்றால் இலக்கு 11. இடைவெளி ஒரு படி கூடினால் இலக்கு 4 குறையும், ஒரு படி குறைந்தால் 4 கூடும்.

ஒரு காட்சி. காற்றில்லாத இரவு. பர்லியாருக்கு மேலே, தோட்டத்துச் சரிவில் சந்தன மரக் கடத்தல்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் பாத்திரங்கள் பதினாறு மீட்டர் தள்ளித் தேயிலைப் புதருக்குப் பின்னால். சீரான மழை. பத்திலிருந்து நாலும் ஒன்பதும் போனால் மைனஸ் 3. அவர்களின் கைவிளக்கு வெளிச்சத்தில் உதடு அசைவது தெரியும், சத்தம் வராது. மழை நிற்கிறது, பின்னணி 5க்கு இறங்குகிறது. இப்போது இடைவெளி 1, இலக்கு 7. இருபதில் பதினான்கு வாய்ப்பு. திறன் எண்ணை யாரும் தொடவே இல்லை. மழை நின்றதுதான் கதையைத் திருப்பியது. (காட்சி சோலைக்குள் நடந்தால் பின்னணியில் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். சோலைக்குள் மழை விட்டாலும் இலைச்சொட்டு விடாது.)

இந்த விதி கதையையும் வளர்க்கும். பல் சக்கரத் தண்டவாளத்தில் கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் நீராவி ரயில் கடக்கும் அந்த ஒரு நிமிடம், பங்களாவின் பின்கதவை உடைக்க நினைப்பவருக்குப் பொன்னான நேரம். இரைச்சல் கேட்பவருக்கு எதிரி, பதுங்குபவருக்குக் கூட்டாளி. "எல்லோருக்கும் மைனஸ்" என்றால் இந்தத் தந்திரமே பிறக்காது.

கேட்பது வேறு, புரிவது வேறு

ஏதோ குரல் வருகிறது என்று தெரிவதற்கும், என்ன பேசுகிறார்கள் என்று புரிவதற்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வதற்கும் ஒரே பகடை உருட்டுவது பெரிய பிழை. வார்த்தை புரிய இன்னும் இரண்டு படி இடைவெளி தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன காட்சியில் பேச்சு கேட்க இலக்கு 7 என்றால், புரிய 15. "ஏதோ பேசுகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை" என்ற நிலை ஆட்டத்துக்கு ரொம்பச் சுவையானது. பிடிபட வேண்டுமென்றால் நெருங்க வேண்டும், நெருங்கினால் மாட்டிக்கொள்ளலாம்.

திசை இன்னொரு கதை. ஒலி ஒரு காதுக்கு மற்றதைவிட நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முந்திப் போய்ச் சேர்கிறது. மூளை அதிலிருந்தும், இரு காதுக்கும் உள்ள அளவு வித்தியாசத்திலிருந்தும் திசையைக் கணிக்கிறது. நேர்வழியை ஒரு பாறை மறைத்து, எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பிய எதிரொலி மட்டும் வந்தால் காது ஏமாந்துபோகும். மலையில் நடக்கும் காட்சிகளில் வெடிச் சத்தம் கேட்பதற்குப் பகடை வேண்டாம், எங்கிருந்து என்பதற்கு மட்டும் உருட்டச் சொல்லுங்கள்.

எந்தச் சத்தம் எதை மறைக்கும்

ஒலி ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். இளம் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் இரைச்சல் தனக்கு அருகிலுள்ள அதிர்வெண்ணைத்தான் நன்றாக மறைக்கும். சில்வண்டுக் கூட்டம் காது கிழியக் கத்தினாலும் அதன் கீச்சு பேச்சின் முக்கியப் பகுதிக்கு மேலே இருப்பதால், அதனூடே பேச முடிகிறது. மழையும் அருவியும் அப்படியல்ல. அவற்றில் தாழ்ந்ததும் உயர்ந்ததும் எல்லாம் கலந்திருப்பதால் எதையும் விட்டுவைக்காது. விதியில் இதற்கு ஒரு வரி போதும்: இரைச்சலின் சுருதியும் ஒலியின் சுருதியும் வெகுவாக வேறுபட்டால் பின்னணியில் இரண்டு படி கழியுங்கள். ஒரு நுணுக்கம் மட்டும்: ஜெனரேட்டர் போன்ற தாழ்ந்த உறுமல் பலமாக இருந்தால் தனக்கு மேலுள்ள ஒலிகளையும் ஓரளவு விழுங்கும், கீச்சொலி கீழுள்ளதை அப்படி விழுங்காது.

அருவியடியில் என்ன நடக்கும்? கோத்தகிரிக்குப் பக்கத்துக் கேத்தரின் அருவியின் அடியில் இரண்டு பேர் நாலு மீட்டர் இடைவெளியில் நிற்கிறார்கள். ஒருவர் கத்துகிறார். 14இலிருந்து 2, 13 போனால் மைனஸ் 1, இலக்கு 15. கத்தியும் பாதிக்கு மேல் தோல்விதான். ஆகவே சைகை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் நடனத் தவளைகள் கத்துவதோடு பின்னங்காலை நீட்டி ஆட்டியும் செய்தி சொல்கின்றன. ஓடை இரைச்சல்தான் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. உங்கள் மேசையில் பாத்திரங்கள் முன்கூட்டியே கைச்சைகை பேசி வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், விளையாடுபவர்களும் அந்தக் காட்சி முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. சிரிப்புக்குக் குறைவிருக்காது.

நாமே எழுப்பும் சத்தம்

பெரும்பாலான விதிகள் அடியோடு மறந்துவிட்ட ஒன்று இது. நடப்பவரின் காலடி, முழங்காலில் உரசும் தேயிலைச் செடி, மழைக்கோட்டுத் தொப்பி காதோரம் எழுப்பும் சரசரப்பு, மேடேறிய மூச்சு எல்லாமே அவருக்குப் பின்னணி இரைச்சல். நடந்துகொண்டே கேட்பவருக்குப் பின்னணி எப்படியும் 8க்குக் குறையாது. மழை நின்ற அதே காட்சியில் நடந்துகொண்டிருந்தால் இடைவெளி மைனஸ் 2, இலக்கு 19. நின்றால் 7. யானையும் கரடியும் திரியும் பாதையில் காட்டுக்குப் பழகியவர்கள் அடிக்கடி நின்று நின்று போவது இதனால்தான். விளையாட்டில் இது அருமையான முடிவைக் கேட்கிறது: நின்றால் நேரம் போகும், நடந்தால் காது போகும்.

அதோடு சேர்ந்தது இன்னொன்று. இரைச்சலில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். 1911இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்ததால் லொம்பார் விளைவு என்று பெயர். புதருக்குப் பின்னால் நம் பாத்திரங்களும் மழையில் தமக்குள் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் குரல் 10 அல்ல, 11. மழை சட்டென்று நின்றால் முதல் வாக்கியம் அதே உயரத்தில் போகும். அந்தப் பக்கம் இடைவெளி 2, கடத்தல்காரருக்கு இலக்கு வெறும் 3. மழை நின்றது இரண்டு பக்கத்துக்கும்தானே.

மூடுபனியும் பனிக்காலமும்

மூடுபனி ஒலியை அடக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மறைவது பார்வைதான். நீர்த்துளிகள் காதுக்குக் கேட்கும் ஒலியைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை. பெரும்பாலும் காற்று அடங்கிய நேரத்தில் பனி இறங்குவதால் பின்னணியும் குறைவாகவே இருக்கும். கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் முழுக்க வெள்ளையாகிவிட்ட பிறகும் பேச்சு தெளிவாக வருவது இதனால்தான். மூடுபனிக்கு மைனஸ் போடவே வேண்டாம்.

உறைபனிக் காலத்துத் தெளிந்த இரவுகள் வேறு. சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும், ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டி, கேத்திப் பள்ளங்களில் குளிர்ந்த காற்று அடியில் தேங்கி, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். இதை வெப்பத் தலைகீழ் என்பார்கள். அப்போது ஒலி கீழே வளைந்து நெடுந்தூரம் வரும். அத்தகைய இரவில், நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஒலிகளுக்கு ஒரு படி கூட்டுங்கள். ஒலி வரும் திசையிலிருந்தே நம்மை நோக்கிக் காற்று வீசினாலும் ஒரு படி கூட்டுங்கள், எதிராக வீசினால் இரண்டு படி குறையுங்கள்.

பயந்த காவலாளி

கவனமும் சேர்கிறது. கூச்சலுக்கு நடுவே ஒரே குரலைப் பின்தொடரும் திறனைக் காலின் செர்ரி 1953இல் ஆராய்ந்தார். கவனிக்காத பேச்சில் சொந்தப் பெயர் வந்தால் சிலர் பிடித்துவிடுகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. தன் பெயர், தன் குழந்தையின் அழுகை போன்றவற்றுக்கு ஒரு படி கூட்டலாம். ஆனால் மறைப்பு வேறு, கவனம் வேறு. அருவியடியில் பத்து வருடம் காவல் காத்தவர் அருவியைக் கவனிக்காமல் இருக்கப் பழகியிருப்பார். அருவி மறைக்கும் ஒலி அவருக்கும் மறைந்தேதான் இருக்கும்.

1950களில், ரேடார் திரைகளைப் பற்றிய சிந்தனையிலிருந்து உளவியலுக்கு வந்தது குறிப்பறிதல் கோட்பாடு. இரைச்சலுக்கு நடுவே ஒரு குறிப்பை அறிவதில் இரண்டு விதமாகத் தவறலாம் என்கிறது அது: இருப்பதைத் தவறவிடுவது, இல்லாததை இருப்பதாக எடுத்துக்கொள்வது. பயந்தவர் முதல் தவறைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டிக்கொள்கிறார். காது அதேதான், "கேட்டது" என்று சொல்லத் துணியும் இடம் மட்டும் மாறுகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் முதல் தவறு மட்டும்தான் இருக்கிறது. பகடையில் தோற்றால் "ஒன்றும் கேட்கவில்லை" என்பார் கேம் மாஸ்டர், பகடையைப் பார்த்த ஆள் அதிலேயே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள்வார்.

இதற்கு என் வழி: காது சம்பந்தப்பட்ட பகடையைக் கேம் மாஸ்டரே திரைக்குப் பின்னால் உருட்டட்டும், சில சமயம் ஒன்றுமே இல்லாதபோதும். பயந்த பாத்திரத்துக்குப் பகடையில் 3 கூட்டுங்கள். ஆனால் பகடை முகத்தில் 1, 2, 3 விழுந்தால் இல்லாத ஒன்று கேட்கும். "வலப்பக்கப் புதரில் ஏதோ கனமாக நகர்ந்தது" என்று, உண்மையிலேயே காட்டெருமை வரும்போது சொல்லும் அதே தொனியில் சொல்லுங்கள். ஒரே இரவில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது முறை ஆட்கள் உங்கள் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.